சாமி மேடைக்கு மேலே தொங்கும் லட்சுமி: ரவிவர்மா அச்சுக்கூடம் வைத்த கதை

சிரம்பான் சுற்று வட்டாரத்தில் நம்மவர் வீடுகளுக்குப் போனால் சுவரில் தொங்கும் படங்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். தாமான் வீடுகளின் வரவேற்பறையில் சோபாவுக்கு மேலே ஒரு பெரிய அச்சுப் படம் இருக்கும். நீல வானத்தில் மஞ்சள் சுழல்கள், அல்லது ஜாடி நிறைய சூரியகாந்திப் பூக்கள். வின்சென்ட் வான் கோ என்ற டச்சு ஓவியர் வரைந்தவற்றின் நகல்கள் அவை. ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்ட வீடுகளிலும், தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்களின் வீடுகளிலும் சாமி மேடைக்கு மேலே வேறு படங்கள் இருக்கும். தாமரையில் நிற்கும் லட்சுமி, பாறையில் அமர்ந்து வீணை மீட்டும் சரஸ்வதி, வள்ளி தெய்வானையோடு மயில் மேல் ஆறுமுகன்.

வீடு மாறும்போதும் லயத்தைக் காலி செய்யும்போதும் இந்தப் படங்களை என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. புலனத்தில் படம் பிடித்து அனுப்பி, இது என்ன விலை போகும் என்று கேட்பவர்களும் உண்டு. வான் கோ படத்துக்குப் பதில் சுருக்கமானது. சுழலும் வானத்தை அவர் 1889-ல் வரைந்தார். அந்த மூலப்படம் நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடையில் வாங்கிய நகலுக்கு அதன் சட்டத்தின் விலைதான். அழகுக்காக மாட்டலாம், சொத்தாக எண்ண வேண்டாம்.

பழைய லட்சுமி படத்துக்கு அப்படி ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. அதற்குக் கிளிமானூரில் பிறந்த ஒருவரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ரவிவர்மா 1848 ஏப்ரல் 29-ல் பிறந்தார். திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கிளிமானூர் அரண்மனைதான் பிறந்த வீடு. ராஜா என்று அழைக்கிறோமே தவிர அவர் எந்த நாட்டையும் ஆண்டவர் இல்லை. திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு தலைமுறை தலைமுறையாகக் கொள்வினை கொடுப்பினை உள்ள ஜமீன் குடும்பம் அவருடையது. தாய் உமாயாம்பா. தாய்மாமன் ராஜராஜ வர்மா தஞ்சாவூர் பாணியில் படம் எழுதத் தெரிந்தவர். மருமகன் கரித்துண்டால் சுவரில் கிறுக்குவதைப் பார்த்துத் திட்டாமல் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான் என்பார்கள். தாய்மாமன் உறவுக்கு நம் வீடுகளில் உள்ள மரியாதை கேரளத்து மருமக்கள் வழியில் இன்னும் ஒரு படி கூடுதல். மாமன் கை பிடித்துதான் ரவிவர்மா 1862-ல், 14 வயதில், திருவனந்தபுரம் அரண்மனைக்குள் நுழைந்தார். அப்போது ஆண்டுகொண்டிருந்த ஆயில்யம் திருநாள் மகாராஜாவுக்குப் பையனைப் பிடித்துப் போயிற்று. தங்க இடமும் படிக்கப் படங்களும் கிடைத்தன.

கிடைக்காதது குரு. அந்தக் காலத்தில் எண்ணெய் வண்ணம் இந்தியாவுக்குப் புதுச்சரக்கு. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ராமசாமி நாயுடு என்பவர் (நாயக்கர் என்று எழுதுவோரும் உண்டு) அரண்மனை ஓவியராக இருந்தார். எண்ணெய் வண்ணக் கலவை அவருக்குத் தெரியும். போட்டிக்கு ஒருவன் வருகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, சொல்லித்தர மறுத்துவிட்டார். அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த ஆறுமுகம் பிள்ளைதான் இரவு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் வந்து ரவிவர்மாவுக்கு வண்ணம் குழைக்கும் முறையைக் காட்டினார் என்பது அவர் வாழ்க்கையை எழுதிய எல்லோரும் சொல்லும் செய்தி. இந்த ஆறுமுகம் பிள்ளையைப் பற்றி இதற்கு மேல் வரலாறு எதையும் எழுதி வைக்கவில்லை. குருவுக்குத் தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும். இருந்தும் செய்தார். ரவிவர்மாவின் பெயர் வரும் இடத்தில் எல்லாம் இந்தத் தமிழனின் பெயரையும் ஒரு முறை சொல்லலாம் என்பது என் எண்ணம்.

1868-ல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவைப் படம் எழுத வந்தார். அவரும் கற்றுக்கொடுக்கவில்லை. தூர நின்று வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி. மற்றதெல்லாம் ரவிவர்மா தானாகவே முயன்று, கெடுத்து, மறுபடி முயன்று கற்றதுதான்.

அதன் பிறகு ஏற்றம் வேகமாக வந்தது. 1873-ல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் படத்துக்குத் தங்கப் பதக்கம். அதே ஆண்டில் வியன்னா கண்காட்சியிலும் பாராட்டு. மறு ஆண்டு, இசைக்கருவி வாசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணின் படத்துக்குச் சென்னையில் மீண்டும் பரிசு. 1876-ல் சகுந்தலை தாமரை இலையில் கடிதம் எழுதும் படத்தைச் சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவே வாங்கிக்கொண்டார். காளிதாசரின் நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த மோனியர் வில்லியம்ஸ் தம் நூலின் முகப்பில் அந்தப் படத்தைச் சேர்த்தார். 

ஆனால் அந்தப் படங்களை யார் பார்த்தார்கள்? மகாராஜாக்கள், ஆளுநர்கள், திவான்கள். ஒரு படம் வாங்கப்பட்டால் அது ஏதாவது ஓர் அரண்மனைக்குள் போய்விடும். கதவு சாத்தப்படும். கிளிமானூர்ச் சந்தையில் காய்கறி விற்ற பெண் சகுந்தலையைப் பார்த்திருக்க வழியே இல்லை.

இதற்கு வழி சொன்னவர் கும்பகோணத்தில் பிறந்த ஒருவர். சர் டி. மாதவராவ் திருவிதாங்கூரிலும் பிறகு இந்தூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தவர். பரோடாவுக்கு ரவிவர்மாவை அழைத்துப் போனதில் அவர் பங்கு பெரிது. 1884-ல் அவர் ரவிவர்மாவுக்கு ஒரு யோசனை எழுதினார். உங்கள் ஒருவரின் இரு கைகளால் நாடு முழுவதும் கேட்கும் படங்களை வரைந்து தீராது, தேர்ந்தெடுத்த சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணத்தில் அச்சிட ஏற்பாடு செய்யுங்கள் என்பது அதன் சாரம். ரவிவர்மா உடனே செய்யவில்லை. பத்து ஆண்டுகள் அந்த யோசனை மனதில் கிடந்தது.

இடையில் நடந்த ஒன்று அவரை அசைத்திருக்க வேண்டும். பரோடா மன்னர் சாயாஜிராவ் தம் லட்சுமி விலாஸ் அரண்மனைக்காகப் புராணக் காட்சிகள் 14 வரைந்து தரும்படி கேட்டார். ரவிவர்மாவும் அவருடைய தம்பி ராஜராஜ வர்மாவும் வட இந்தியா முழுவதும் சுற்றினார்கள். சீதைக்கும் தமயந்திக்கும் திரௌபதிக்கும் என்ன உடை உடுத்துவது என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி. ஒவ்வோர் ஊரிலும் பெண்கள் ஒவ்வொரு மாதிரி உடுத்தினார்கள். கடைசியில் சேலைதான் என்று முடிவாயிற்று. இன்று லட்சுமியைக் கொசுவம் வைத்த சேலையில்லாமல் நம்மால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்றால் அந்தப் பயணத்துக்கும் அதில் பங்கு உண்டு. 1890-ல் படங்கள் முடிந்தன. பரோடாவுக்குக் கொண்டுபோகும் முன் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஜனங்கள் வெள்ளமாகத் திரண்டு வந்து பார்த்தார்கள். அரண்மனைக்குப் போகவேண்டிய படங்களின் முன்னால் சாதாரண மனிதர்கள் நின்று கும்பிட்ட காட்சியை ரவிவர்மா கண்ணால் கண்டார்.

அதே 1890-ல்தான், ஜூலை மாதம், பிரான்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றில் வான் கோ 37 வயதில் இறந்தார். உயிரோடு இருந்தபோது விற்ற படங்கள் மிகச் சில. அவர் அறைச் சுவரை அலங்கரித்தவை பாரிஸ் கடையில் மலிவாக வாங்கிய ஜப்பானிய அச்சுப் படங்கள். அவரும் தம்பி தியோவும் அவற்றை நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார்கள். அச்சுப் படம் என்று அவர் அவற்றைத் தள்ளி வைக்கவில்லை. பார்த்துப் பார்த்துத் தம் வண்ணத்தையே மாற்றிக்கொண்டார். நகல் படத்தை மதிப்பிட உட்காரும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ரவிவர்மாவின் பத்துப் படங்கள் போயின. அவர் போகவில்லை. வாழ்நாளில் அவர் கடல் கடந்ததே இல்லை.

கல்லில் பிறந்த படங்கள்

1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கியது. கூட்டாளி கோவர்த்தன்தாஸ் என்ற வணிகர். இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. இயக்கத் தெரிந்த ஆட்களும் அங்கிருந்தே வந்தார்கள். முதலில் வெளிவந்த படம் சகுந்தலையின் பிறப்பு.

அன்றைய வண்ண அச்சு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் நம் வீட்டுப் படத்தை மதிப்பிட முடியும். அச்சுக்கல் என்பது வழவழப்பாகத் தேய்த்த ஒரு வகைச் சுண்ணாம்புக்கல். ஜெர்மனியின் பவேரியா பகுதியில் வெட்டிய கல்லுக்குத்தான் மதிப்பு. அதன் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைவார்கள். பிறகு கல்லை ஈரப்படுத்தினால், வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளி மையை மட்டும் பிடித்துக்கொள்ளும். மற்ற இடம் மையைத் தள்ளும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் வரும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற, நம் சமையலறைக்குத் தெரிந்த விஷயம்தான்.

ஆனால் ஒரு கல்லில் ஒரு நிறம்தான் வரும். லட்சுமியின் சேலைச் சிவப்புக்கு ஒரு கல், தாமரை ரோஜா நிறத்துக்கு ஒரு கல், முகத்தின் வெளிர் நிறத்துக்கு ஒன்று, கன்னத்து நிழலுக்கு இன்னொன்று. நல்ல படம் ஒன்றுக்குப் பத்து, பதினைந்து, அதற்கு மேலும் கற்கள் தேவைப்பட்டன. மூலப்படத்தைப் பார்த்து எந்த நிறம் எங்கே எவ்வளவு என்று பிரித்து, ஒவ்வொரு கல்லிலும் கையால் புள்ளி புள்ளியாக வைப்பவர் தனிக் கலைஞர். ஒரு காகிதம் அத்தனை கற்களின் மேலும் மயிரிழை பிசகாமல் போய்வர வேண்டும். கடைசியில் பளபளப்புக்காக வார்னிஷ் பூசுவார்கள். சிலவற்றில் துணியின் இழை போல மேடுபள்ளமாக அழுத்துவதும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் எண்ணெய் வண்ண ஓவியம் போலவே இருக்கும்.

படங்கள் விற்றன. அப்படியும் அச்சுக்கூடம் கடனில் மூழ்கியது. ரவிவர்மா ஊர் ஊராகப் போய் அரண்மனைகளில் படம் எழுதிச் சம்பாதித்ததை அச்சுக்கூடம் விழுங்கியது. நிர்வாகம் தம்பியின் தலையில் இருந்தது. அவரும் ஓவியர், கணக்கில் கெட்டிக்காரர் இல்லை. 1896-ல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. ஆட்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அச்சுக்கூடத்தை லோனாவ்லா அருகில் மலவ்லி என்ற இடத்துக்கு மாற்றினார்கள். போதாக்குறைக்கு, மற்ற அச்சகங்கள் இவருடைய படங்களைப் பார்த்து அச்சடித்து இன்னும் மலிவாக விற்றன. 1901-ல் தம்மிடம் வேலை பார்த்த ஜெர்மானியர் பிரிட்ஸ் ஷ்லைச்சரிடமே அச்சுக்கூடத்தை விற்றுவிட்டார். படங்களை அச்சிடும் உரிமையும் சேர்ந்தே போயிற்று.

ஆக, நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த ரவிவர்மா படங்களில் பெரும் பங்கு அவர் கைவிட்டுப் போன அச்சுக்கூடத்தில் அச்சானவைதான். அவற்றில் பலவற்றை அவர் வரையவும் இல்லை. ஷ்லைச்சர் வேறு ஓவியர்களை வைத்து வரையச் செய்தார். சாமான் பெட்டிகளுக்கு ஒட்டும் விளம்பரத் தாள்களும் அங்கே அச்சாயின. ஒரு காலத்தில் அந்த அச்சுக்கூடத்துக்கு வேலை செய்து கொடுத்த இளைஞர் ஒருவர் பின்னால் 1913-ல் ராஜா ஹரிச்சந்திரா என்ற படத்தை எடுத்தார். தாதாசாகிப் பால்கே. இந்திய சினிமாவின் தந்தை என்று சொல்கிறோமே, அவர்தான்.

கோயிலுக்கு வெளியே நின்றவர்கள்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ரவிவர்மா அச்சடிக்கத் தொடங்கிய நாளில் திருவிதாங்கூரிலும் தமிழ்நாட்டிலும் பெரிய கோயில்களுக்குள் போக முடியாத மக்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். கருவறையில் இருக்கும் தெய்வத்தின் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே பிறந்து இறந்தவர்கள் அவர்கள். நம்முடைய பாட்டன் பூட்டன்மார் பலர் அந்த ஊர்களிலிருந்துதான் கங்காணியோடு கப்பல் ஏறி வந்தார்கள்.

அச்சுப் படம் சாதி கேட்கவில்லை. காசு கொடுத்தவன் கையில் வந்தது. மண்சுவரில் ஆணி அடித்து மாட்டினால் அங்கேயே ஒரு சன்னதி. குருக்கள் வேண்டாம், தள்ளி நிற்கவும் வேண்டாம். இதை ரவிவர்மா சமூகப் புரட்சி என்று நினைத்துச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். அவர் அரச குடும்பத்து மனிதர், அந்தக் காலத்து ஆசாரங்களில் வளர்ந்தவர். செய்த காரியத்தின் பலன்தான் எங்கேயோ போய்ச் சேர்ந்தது.

1900-ல் அவருடைய மகள்வழிப் பேத்திகள் இருவரைத் திருவிதாங்கூர் அரச குடும்பம் தத்து எடுத்துக்கொண்டது. அவர்களில் சேது பார்வதி பாயின் மகன்தான் சித்திரைத் திருநாள் மகாராஜா. 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர்க் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிடும் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அவர். மதுரை மீனாட்சியம்மன் கோயில் திறந்தது 1939-ல். கொள்ளுப் பேரனின் கையெழுத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தாத்தாவின் சரஸ்வதி குடிசைக்குள் வந்துவிட்டாள்.

படித்தவர்கள் பாராட்டினார்களா என்றால், இல்லை. கடுமையாகத் தாக்கியவர்களில் முதல் வரிசையில் நின்றவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சர் முத்து குமாரசுவாமி என்ற ஈழத் தமிழரின் மகன். உலகம் மதித்த கலை அறிஞர். ரவிவர்மாவின் தெய்வங்களில் தெய்வத்தன்மை இல்லை, நாடக மேடையில் வேடமிட்ட மனிதர்களைப் போல இருக்கிறார்கள், ஐரோப்பிய முறையைக் கடன் வாங்கிய இந்தப் படங்கள் நம் சிற்ப மரபை மறந்துவிட்டன என்பது அவர் வாதம். கல்கத்தாவிலிருந்து அவனீந்திரநாத் தாகூரின் கூட்டத்தாரும் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஒன்றைப் பார்த்துவிட்டு உடனே ரவிவர்மா அச்சுப் படத்தைப் பார்த்தால் குமாரசுவாமி சொன்னதில் நியாயம் இருப்பது தெரியும். ஆனால் அந்தச் செப்புத் திருமேனி இருந்த கோயிலுக்குள் போக முடிந்தவர்களுக்குத்தான் அந்த ஒப்பீடு பயன்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தை அறிஞர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

கடைசி ஆண்டுகள் சோர்வாகவே கழிந்தன. 1904-ல் ஆங்கில அரசு கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே தம்பி ராஜராஜ வர்மா இறந்தார். அண்ணன் படத்தில் முகம் எழுதினால் பின்னால் தெரியும் மலையையும் ஆற்றையும் எழுதியவர் தம்பி. பயணத்தில், கடனில், பத்திரிகைப் பாராட்டில் கூடவே இருந்தவர். அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு இல்லையென்றால் ரவிவர்மாவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்திருக்காது. அந்த இழப்பிலிருந்து ரவிவர்மா மீளவில்லை. நீரிழிவும் சேர்ந்துகொண்டது. 1906 அக்டோபர் 2-ல், 58 வயதில் மறைந்தார். மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் மளமளவென்று திறக்கத் தொடங்கிய காலம் அது.

தங்கை மங்களா பாயும் ஓவியர். அவர் எழுதிய ரவிவர்மாவின் உருவப்படம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. அவர் பெயர் ஏன் அவ்வளவாக வெளியே வரவில்லை என்பதை வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம் வீட்டுப் படம் எது?

ரவிவர்மா காட்டிய வழியில் பிறகு பலர் வந்தார்கள். தமிழ்நாட்டில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாகிக் கடல் தாண்டி வந்தன. மளிகைக் கடைக்காரர் தீபாவளிக்குக் கொடுத்த நாட்காட்டியில் மாதம் முடிந்தபின் படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டவர்கள் நம்மில் ஏராளம். ஆகவே வீட்டில் இருப்பது ரவிவர்மா அச்சுக்கூடத்துப் பழைய படமா, சிவகாசி நாட்காட்டியா, அண்மையில் அச்சான நகலா என்பதுதான் முதல் கேள்வி.

கைப்பேசியின் கேமராவை உருப்பெருக்கி முகத்தின் மேல் கொண்டுபோய்ப் பாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. சிறுசிறு புள்ளிகள் ஒரே அளவில், வரிசை பிடித்து, பூப்போல வட்டமிட்டு நின்றால் அது பிற்காலத்து ஆப்செட் அச்சு. நான்கே நிறங்களை வைத்து இயந்திரம் செய்தது. புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் தெளித்தாற்போல, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, நான்குக்கும் மேற்பட்ட நிறங்களில் தெரிந்தால் அது கல் அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலான படங்கள் பிரிந்துவிடும்.

அடுத்தது ஓரம். படத்தின் அடியில் உள்ள வெள்ளை விளிம்பில் பெயரும் அச்சகமும் ஊரும் சிறிய எழுத்தில் இருக்கும். பம்பாய் என்றால் தொடக்க காலம். கார்லா, லோனாவ்லா என்றால் இடம் மாறிய பிறகு. ஜெர்மனியில் அச்சானது என்று போட்டிருந்தால் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்; இந்தியச் சந்தைக்காக அங்கே நிறைய சாமி படங்கள் அச்சாகின. துரதிர்ஷ்டம் என்னவென்றால் சட்டத்துக்குள் அடங்கவேண்டும் என்று நம்மவர்கள் அந்த விளிம்பைத்தான் முதலில் கத்தரித்தார்கள். படத்துக்குள் ரவிவர்மா என்று கையெழுத்து இருந்தால் அதுவும் அச்சில் வந்ததுதான். அதைப் பார்த்து மூலப்படம் கிடைத்துவிட்டது என்று துள்ள வேண்டாம். மூலப்படங்கள் பரோடா, மைசூர், திருவனந்தபுரம், சென்னை எழும்பூர் போன்ற இடங்களிலும் சில தனியாரிடமும் இருக்கின்றன. 1979 முதல் அவருடைய ஓவியங்களை இந்தியாவிலிருந்து விற்று வெளியே கொண்டுபோகவும் சட்டம் தடுக்கிறது. ஏலத்தில் கோடிக்கணக்கில் போனதாக நாம் படிக்கும் செய்தி அவற்றைப் பற்றியது.

சில படங்களில் சேலையின் மேல் நிஜத் துணியும் ஜரிகையும் மணியும் ஒட்டித் தைத்திருப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இப்படி நிறைய பார்க்கலாம். கிழிந்த குப்பை என்று அந்தத் துணியைப் பிய்த்துவிடுகிறவர்கள் உண்டு. சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான்.

நல்ல நிலையில் உள்ள பழைய கல் அச்சுப் படத்துக்கு இன்று வாங்குவோர் இருக்கிறார்கள். 1972-ல் மலவ்லி அச்சுக்கூடத்தில் ஏற்பட்ட பெரும் தீயில் இருந்ததெல்லாம் அழிந்தது. அதன்பின் அந்தக் கல்லிலிருந்து அந்தப் படம் வரப்போவதில்லை. கறை, கரையான், ஈரம், கத்தரித்த விளிம்பு எல்லாம் விலையைக் குறைக்கும். இங்கே பழைய சாமான் வாங்க வருகிறவர் தோட்டத்து வாசலில் நின்று சொல்லும் சில வெள்ளிகளை அதன் விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு இடத்திலாவது விசாரித்துவிட்டுப் பேசுங்கள். சிவகாசி நாட்காட்டிப் படமாக இருந்தால் சந்தையில் பெரிதாக எதுவும் கிடைக்காது. அதற்காக அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஐம்பது அறுபது ஆண்டுப் படம் என்றால் தோட்டத்து வாழ்க்கையின் சாட்சி என்ற முறையில் அதற்கு இடம் உண்டு.

தோட்டத்தை விட்டுப் போகும்போது பழைய சாமி படங்களைக் கோயில் மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டுப் போவது நம் வழக்கம். குப்பையில் போட மனம் வராத பக்தியால் செய்வது. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஒரு மாதத்தில் முகம் போய்விடும். அப்படி வைப்பதற்கு முன் மேலே சொன்ன சோதனையை ஒரு முறை செய்து பாருங்கள். கண்ணாடியை ஈரத் துணியால் துடைக்கலாம், படத்தைத் துடைக்கக் கூடாது. காகிதம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே விடுங்கள். சட்டத்தின் பின்பலகையில் கடைப் பெயரோ, வாங்கிய தேதியோ, தாத்தாவின் கையெழுத்தோ பென்சிலில் இருக்கலாம். அதையும் சேர்த்துப் படம் பிடித்து வையுங்கள்.